சி ஷிப்ட் வாரத்தில் தூக்கம் ஏன் நான்கு மணி நேரத்தில் கலைகிறது?

கேள்வி: எனக்கு 34 வயது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் ஆபரேட்டராக இருக்கிறேன். வாராவாரம் ஷிப்ட் மாறும். ஒரு வாரம் சி (இரவு 10 – காலை 6), அடுத்த வாரம் பி (மதியம் 2 – இரவு 10), அதற்கடுத்த வாரம் ஏ (காலை 6 – மதியம் 2), பிறகு மறுபடியும் சி. ஞாயிறு விடுமுறை. சி ஷிப்ட் முடிந்து காலை எட்டு மணிக்குப் படுத்தால் உடனே தூங்கிவிடுகிறேன். ஆனால் பதினொன்றரை, பன்னிரண்டுக்கெல்லாம் விழிப்பு வந்துவிடும். அப்புறம் சாயங்காலம் வரை புரண்டு படுப்பதுதான் மிச்சம். மனைவி பள்ளி ஆசிரியை. மகன் யு.கே.ஜி. படிக்கிறான். அம்மா எங்களோடு இருக்கிறார். "வீட்டில் இருந்தும் இல்லாத மாதிரிதான்" என்று மனைவி வருத்தப்படுகிறார். போன வாரம் பூந்தமல்லியில் கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி பைக்கில் வரும்போது, சிக்னலில் நின்றபடியே கண் செருகிவிட்டது. பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் சுதாரித்தேன். அல்பிரசோலம் மாத்திரை பாதி போட்டால் நன்றாகத் தூங்கலாம் என்கிறார் நண்பர். போடலாமா? வேலை, தூக்கம், குடும்பம் மூன்றையும் எப்படிச் சமாளிப்பது?

பதில்: முதலில் பைக். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடைய அளவுக்குக் குறைந்துவிடும் என்று 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 0.03 சதவீதம். சி ஷிப்டின் முதல் நாள் மதியம் தூங்காமல் வேலைக்குப் போனால், மறுநாள் காலை பூந்தமல்லியில் இறங்கும்போது நீங்கள் 23, 24 மணி நேரம் விழித்திருப்பீர்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடும். மூன்று நொடி கண் செருகினால் 33 மீட்டர் தூரம் யாருமே ஓட்டாத வண்டி அது. சிக்னலில் நின்றபோது நடந்ததால் தப்பித்தீர்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு ஆபத்து உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் ஏறியதும் பஸ்ஸில் தூங்கிவிடுவீர்கள். அது தவறில்லை. ஆனால் முக்கால் மணி நேரத் தூக்கத்தில் மூளை ஆழ்ந்த நிலைக்குப் போயிருக்கும். அங்கிருந்து திடீரென எழுந்தால் பதினைந்து நிமிடம் முதல் அரை மணி நேரம் வரை மந்தம் விலகாது. கண் திறந்திருக்கும், கால் நடக்கும், ஆனால் பிரேக் பிடிக்க வேண்டும் என்ற முடிவு தாமதமாக வரும். நீங்கள் பைக் சாவியைத் திருகுவது சரியாக அந்த நேரத்தில்தான். ஆகவே சி ஷிப்ட் வாரம் முழுக்க பைக்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஷேர் ஆட்டோவிலோ, உறவினர் யாராவது வந்து அழைத்தோ வீடு சேருங்கள். வேறு வழியே இல்லாத நாளில், பஸ்ஸில் தூக்கத்தை இருபது நிமிடத்தோடு நிறுத்துவது போல அலாரம் வையுங்கள். இறங்கியதும் முகம் கழுவி, பதினைந்து நிமிடம் நடந்த பிறகு வண்டியை எடுங்கள். தலை ஆடினாலோ, கடந்து வந்த கடைசித் தெரு நினைவில் இல்லாவிட்டாலோ ஓரம் கட்டி நிறுத்திவிட வேண்டும். பாட்டுக் கேட்பதும் முகத்தில் காற்று படுவதும் இதைத் தடுக்காது.

இனி உங்கள் தூக்கம். நான்கு மணி நேரத்தில் விழிப்பு வருவது உங்கள் குறை அல்ல, நோயும் அல்ல. எப்படி என்று விளங்கிக்கொண்டால் பாதிக் கவலை தீரும்.

தூக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன. இந்த மாதிரியை சூரிச் நகர ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெய் 1982-இல் வகுத்தார். ஒன்று தூக்க அழுத்தம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் போன்ற பொருள்கள் தொட்டியில் தண்ணீர் ஏறுவது போல ஏறும், தூங்கும்போது வடியும். இன்னொன்று உடல் கடிகாரம். மூளையின் அடிப்பகுதியில் சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு முடிச்சு அது. நீங்கள் தூங்கினாலும் தூங்காவிட்டாலும் வெளிச்சத்தைப் பார்த்து நேரம் வைத்துக்கொண்டு, பகலில் "விழித்திரு" என்றும் இரவில் "அடங்கு" என்றும் சொல்லிக்கொண்டே இருக்கும்.

பகல் வேலைக்காரருக்கு இந்த இரண்டும் எதிரெதிராக இழுக்கின்றன, அதுதான் அவருக்கு நல்லது. சாயங்காலம் அழுத்தம் ஏற ஏற, கடிகாரமும் விழிப்பைக் கூட்டிக்கொண்டே போகும். அதனால்தான் இரவு எட்டு மணிக்கும் அவரால் தெளிவாகப் பேச முடிகிறது. விடியற்காலை நான்கு மணிக்கு அழுத்தம் ஏறக்குறைய வடிந்திருக்கும். ஆனால் கடிகாரம் அப்போது மிகவும் அடங்கியிருப்பதால் ஆறு மணி வரை தூக்கம் நிற்கும். ஒன்று தளரும்போது மற்றது தாங்கிப் பிடிக்கும்.

சி ஷிப்டில் இந்த எதிர்ப்பு போய்விடுகிறது. விடியற்காலை நான்கு மணிக்கு அழுத்தமும் உச்சத்தில், கடிகாரமும் "தூங்கு" என்கிறது. இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்து உங்களைக் கீழே தள்ளும் நேரத்தில் நீங்கள் பிரஸ் மெஷின் முன்னால் நிற்கிறீர்கள். காலை எட்டு மணிக்கு அழுத்தத்தின் பலத்தில் தூங்கிவிடுகிறீர்கள். மூன்றரை, நான்கு மணி நேரத்தில் அதில் பெரும்பங்கு வடிந்துவிடும். அப்போது மணி பதினொன்றரை. கடிகாரம் விழிப்பை ஏற்றிக்கொண்டிருக்கும் வேளை. இரண்டும் மறுபடி ஒரே பக்கம் சேர்ந்து எழுப்பிவிடுகின்றன.

வாரம் ஒருமுறை மாறும் ஷிப்டில் கடிகாரத்தை முழுதாகத் திருப்ப முடியாது. அது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம் நகரும். நீங்கள் எட்டு மணி நேரத்துக்கு மேல் நகர்த்த வேண்டியிருக்கிறது; அது போய்ச் சேருவதற்குள் சி வாரம் முடிந்துவிடும். ஆகவே கடிகாரத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். அழுத்தம்தான் உங்கள் கையில் இருக்கும் விசை. அதை எப்போது வடிக்க வேண்டும், எப்போது சேமிக்க வேண்டும் என்று திட்டமிடலாம். நடைமுறையில் இதற்குத் தூக்கத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். வீட்டுப் பிரச்சினைக்கும் பெரும்பாலும் அதிலேயே வழி இருக்கிறது.

சி வாரத்தில் காலை எட்டு மணிக்குப் படுங்கள். பன்னிரண்டுக்கு விழிப்பு வந்தால் போராடாமல் எழுந்துவிடுங்கள். மூன்று மணி நேரம் புரண்டால் கிடைப்பது எரிச்சல்தான். அதோடு "இந்தக் கட்டிலில் தூக்கம் வராது" என்று மூளை பழகிவிடும். குளித்து, மகன் பள்ளியிலிருந்து வந்ததும் அவனோடு சாப்பிடுங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் நான்கு மணி வரை கடிகாரமே சற்றுத் தளரும். சாப்பாடு இல்லாவிட்டாலும் அந்தத் தளர்ச்சி உண்டு. இரண்டரைக்கு மகனோடு நீங்களும் படுங்கள். அந்த வயதுக் குழந்தையும் பள்ளி விட்டு வந்து கண்ணயரும் நேரம் அது. ஒன்றரை மணி நேரம் போதும். லேசான தூக்கத்தில் தொடங்கி ஆழ்ந்து மீளும் ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய அவ்வளவுதான். நான்கு மணிக்கு எழுந்தால், மனைவி பள்ளி முடிந்து வருவதிலிருந்து நீங்கள் கிளம்பும் எட்டரை வரை நேரம் முழுக்க வீட்டுக்கு. ஐந்தரை மணி நேரம் தூங்கி எழுந்தவராக அவர்களோடு இருப்பீர்கள்.

இந்த இரண்டாம் தூக்கத்தை ஏழு மணிக்குத் தள்ளினால் வேலைக்கு முன்னால் புத்துணர்ச்சியாக இருக்குமே என்று தோன்றும். அது நடக்காது. வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம்தான் கடிகாரத்தின் விழிப்புக் குரல் மிக உரக்க இருக்கும். பெரெட்ஸ் லாவி என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் 1986-லேயே இதற்குத் "தூக்கம் தடைப்பட்ட நேரம்" என்ற பொருளில் பெயர் வைத்தார். அந்த நேரத்தில் படுத்தால் விட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

மாலை நான்கிலிருந்து காலை வரை நீண்ட நேரம் என்பதால், இடைவேளையில் இருபது நிமிடம் கண்ணயருங்கள். இரண்டு, இரண்டரை மணி வாக்கில் கிடைத்தால் நல்லது. ஓய்வறையில் பெஞ்சில் படுத்தாலும், நாற்காலியில் சாய்ந்தாலும் சரி. இருபது நிமிடத்துக்கு அலாரம், எழுந்து பதினைந்து நிமிடம் கழித்துத்தான் மெஷினில் கை. அரை மணி நேரத்தைத் தாண்டவிடாதீர்கள். மந்தத்தோடு பிரஸ் மெஷினின் அச்சுக்குள் (டை) கை நீட்டக் கூடாது. மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டுத் தூங்குங்கள். ஒளித்துத் தூங்கினால் அலாரம் வைக்க முடியாது.

காபி தூக்க அழுத்தத்தைக் குறைப்பதில்லை, அடினோசின் உட்காரும் இடத்தை அடைத்து அதை உணரவிடாமல் செய்கிறது. குடித்ததில் பாதி உடலில் இருந்து வெளியேற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். விடியற்காலை நான்கு மணிக்குக் குடித்த காபியில் பாதி, நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும் ஒன்பது மணிக்கும் ரத்தத்தில் இருக்கும்; பன்னிரண்டுக்கு வர வேண்டிய விழிப்பு பத்தரைக்கே வரும். பத்தரை, பன்னிரண்டு, ஒன்றரை என்று அரை டம்ளராகப் பிரித்துக் குடியுங்கள். இரண்டு மணிக்கு மேல் காபி, டீ, கோலா எதுவும் வேண்டாம். காபி வேலை செய்ய இருபது நிமிடமாவது ஆகும். ஆகவே கடைசி டம்ளரை அந்தச் சிறு தூக்கத்துக்குச் சற்று முன்பாகக் குடித்துவிட்டுப் படுத்தால் எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று: இரவுச் சாப்பாட்டை வீட்டில் எட்டு மணிக்கே முடித்துவிடுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறையும். கேன்டீனில் ஒன்றரை மணிக்கு பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டால் நெஞ்சு எரிச்சலும் மூன்று மணித் தள்ளாட்டமும் நிச்சயம். இரண்டு இட்லி, சுண்டல், வாழைப்பழம் போதும். காலையில் படுக்கும் முன் வெறும் வயிறாகவும் இருக்கக் கூடாது, பசியும் எழுப்பும். ஆனால் பொங்கல் வடை அந்த நேரத்துக்கு உரியதல்ல.

அறைக்கு வருவோம். திரைச்சீலை போட்டால் இருட்டாகிவிட்டது என்று நினைப்பார்கள். கதவை மூடி, கையை நீட்டி நாளிதழைப் பிடியுங்கள். தலைப்பு எழுத்து படிக்க முடிந்தால் அது இருட்டு இல்லை. ஜன்னல் கண்ணாடியில் கறுப்பு சார்ட் பேப்பரை ஒட்டி, மேலே தடித்த துணித் திரை போடுங்கள். கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வையுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை வேண்டாம். கோடையில் பத்து மணிக்கெல்லாம் கூரை சூடு இறங்கும், உடல் குளிராமல் ஆழ்ந்த தூக்கம் வராது. ஏசி இருந்தால் 25, 26-இல் வைத்து மின்விசிறியும் ஓடட்டும். மின்விசிறியின் ஒரே சீரான ஓசை குக்கர் விசிலையும் தெரு ஒலிபெருக்கியையும் ஓரளவு மூடும். மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை காதடைப்பான் இன்னும் நல்லது. காலிங் பெல் சுவிட்சை எட்டு முதல் பன்னிரண்டு வரை அணைத்து வையுங்கள். போனில் மனைவி எண், பள்ளி எண் மட்டும் ஒலிக்கும்படி வைத்து மற்றவற்றை அடக்குங்கள். சிலிண்டர், கூரியர் எல்லாம் அம்மாவிடம் போகட்டும்.

காலை வெயில் கடிகாரத்தைப் பகல் பக்கம் இழுக்கும். அதனால் திங்கள் இரவு தொடங்கும் சி வாரத்தில் வெள்ளிக்கிழமை வரை, பஸ்ஸில் உட்கார்ந்ததும் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொள்ளுங்கள். பைக் ஓட்டும்போது கண்ணாடி வேண்டாம். வெளிச்சம்தான் அந்த நேரத்தில் உங்களை விழிப்பாக வைத்திருக்கும் மிச்ச ஆதரவு. ஞாயிறு காலை கண்ணாடியே வேண்டாம். அன்று எட்டிலிருந்து பதினொன்றரை வரை மட்டும் தூங்கி, மாலை வெளியே வெளிச்சத்தில் நடந்து, இரவு பதினொன்றுக்குப் படுங்கள். அன்று சாயங்காலம் வரை தூங்கினால் இரவுத் தூக்கம் போய், பி ஷிப்டும் கெடும்.

உங்கள் சுழற்சியில் உண்மையில் மோசமான இடம் சி வாரத்தில் இல்லை. பி-யிலிருந்து ஏ-க்கு மாறும் ஞாயிறு இரவுதான் அது. சனி இரவு பதினொன்றே காலுக்கு வீடு வந்தவர், மறுநாள் இரவு ஒன்பதரைக்குத் தூங்கி, திங்கள் நாலே காலுக்கு எழ வேண்டும். கடிகாரத்தைத் தாமதமாக்குவது எளிது. முன்கூட்டியே தூங்கும்படி இழுப்பது கடினம். இதற்கு பி வாரத்திலேயே தயாராக வேண்டும்: இரவு பன்னிரண்டேகாலுக்குள் படுத்து ஏழு, ஏழரைக்கு எழுந்துவிடுங்கள், பத்து மணி வரை தூங்க ஆசை வரும், வேண்டாம். மகனைப் பள்ளியில் விடும் வேலையை அந்த வாரம் முழுக்க நீங்கள் எடுத்துக்கொண்டால் எழுந்தே ஆக வேண்டும், மனைவிக்கும் உதவி. ஞாயிறு காலை ஆறரைக்கு எழுந்து அரை மணி நேரம் மாடியில் வெயிலில் இருங்கள். மதியம் இருபது நிமிடத்துக்கு மேல் தூக்கம் வேண்டாம், காபியும் வேண்டாம். எட்டு மணிக்கு மேல் ட்யூப்லைட்டை அணைத்துச் சிறு விளக்கு போடுங்கள். இவ்வளவு செய்தும் அன்று ஐந்து மணி நேரம்தான் தூங்குவீர்கள். அதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். செவ்வாயன்று சரியாகும்.

ஏ-யிலிருந்து சி-க்கு மாறும்போது சனி மதியம் 2 முதல் திங்கள் இரவு 10 வரை 56 மணி நேரம் கிடைக்கிறது. அதை வீணாக்காதீர்கள். சனி, ஞாயிறு இரண்டு இரவும் ஒரு மணிக்குப் படுத்து ஒன்பதுக்கு எழுங்கள். திங்கள் மதியம் ஒன்றரை முதல் நான்கு வரை கட்டாயம் தூங்குங்கள். முதல் இரவின் நான்கு மணியைத் தாங்குவது அந்த இரண்டரை மணி நேரம்தான்.

உங்கள் தொழிற்சாலையில் ஷிப்ட் பின்னோக்கிச் சுழல்கிறது. ஏ, பி, சி என்று முன்னோக்கிச் சுழன்றால் உடலுக்கு எளிது. ஆனால் கேட்பதற்கு முன் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இப்போது மாற்றங்களுக்கு இடையே 32, 32, 56 மணி நேரம் கிடைக்கிறது. முன்னோக்கிப் போனால் 48, 48, 24. அந்த 24-தான் முள்: ஞாயிறு காலை 6-க்கு சி முடித்தவர் திங்கள் காலை 6-க்கு ஏ-யில் நிற்க வேண்டும். ஆகவே "முன்னோக்கிச் சுழற்றுங்கள், சி வாரத்தை மட்டும் ஐந்து இரவாக வைத்துச் சனிக்கிழமை காலையோடு முடியுங்கள், குறையும் ஒரு ஷிப்டை வேறு வாரத்தில் ஈடு செய்கிறோம்" என்று தொழிற்சங்கம் வழியாகவோ பாதுகாப்புக் குழு வழியாகவோ எழுத்தில் கேளுங்கள். அப்போது 24 என்பது 48 ஆகும். தனி ஆளாக ஷிப்ட் இன்சார்ஜிடம் கேட்டால் சலுகை கேட்பது போலாகிவிடும். கையில் ஆபத்தை வைத்து வேலை செய்யும் ஒரு பிரிவே கேட்டால் அது பாதுகாப்புக் கோரிக்கை.

மாத்திரை வேண்டாம். அல்பிரசோலம் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கவே கூடாத மருந்து. காலை எட்டு மணிக்குப் போட்டால் பதினொரு மணி நேரம் கழித்தும் பாதி ரத்தத்தில் இருக்கும்; இரவு பத்து மணிக்குப் பிரஸ் மெஷினில் நிற்கும்போதும் அதன் மந்தம் கூடவே வரும். சில வாரங்களில் அரை மாத்திரை போதாமல் ஒன்று கேட்கும், நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் தூக்கம் கெடும். ஏற்கெனவே வாரக்கணக்கில் தினமும் போட்டுவந்திருந்தால் திடீரென நிறுத்தாதீர்கள், மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மதுவும் தீர்வல்ல, தூங்கவைக்கும், இரண்டு மூன்று மணி நேரத்தில் உடைத்து எழுப்பும். மெலடோனின் (இரவில் மூளை சுரக்கும் ஹார்மோன், மாத்திரையாகவும் கிடைக்கும்) சிலருக்குப் பகல் தூக்கத்தைச் சற்று நீட்டும். அதையும் மருத்துவர் அளவும் நேரமும் சொன்ன பிறகே எடுங்கள். தவறான நேரத்தில் எடுத்தால் கடிகாரம் எதிர்ப்பக்கம் நகரும்.

மனைவியின் வருத்தத்துக்கு மூன்று வாரக் காலண்டர் ஒன்று பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஏ வாரம்: மகனைப் பள்ளியிலிருந்து அழைப்பது சாத்தியமில்லை, மாலை விளையாட்டும் வீட்டுப்பாடமும் உங்கள் பொறுப்பு. பி வாரம்: காலை முழுக்க உங்கள் பொறுப்பு. சி வாரம்: மதியச் சாப்பாடும் மாலையும். காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை உள்ள கட்டத்தைக் கறுப்பு மையால் அடைத்துவிடுங்கள். ரேஷன் கடை, வங்கி எதுவும் அதற்குள் வரக் கூடாது. சி வாரத்தில் கல்யாணம் வந்தால் முகூர்த்தத்தை விட்டு முந்தைய நாள் வரவேற்புக்குப் போய் வாருங்கள். உறவினரிடம் அதை உங்கள் மனைவி தனியாக விளக்கும்படி விடாதீர்கள், நீங்களே போன் செய்து சொல்லுங்கள்.

ஒரு முழுச் சுற்று, அதாவது மூன்று வாரம், படுத்த நேரம், எழுந்த நேரம், கடைசிக் காபி ஆகியவற்றைச் சிறு நோட்டில் குறித்து வையுங்கள். அதற்குப் பிறகும் சி வாரத்தில் ஒரு நாளைக்கு மொத்தம் ஐந்து மணி நேரம்கூடத் தேறவில்லை என்றாலோ, ஏ வாரத்தில் ஏழு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் செருகினாலோ மருத்துவரைப் பாருங்கள். உரத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுவது, காலைத் தலைவலி, 40 சென்டிமீட்டருக்கு மேல் கழுத்துச் சுற்றளவு, உயர் ரத்த அழுத்தம் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம். ஷிப்டோடு மூச்சுத்தடையும் சேர்ந்திருக்கலாம். நுரையீரல் மருத்துவரோ காது-மூக்கு-தொண்டை மருத்துவரோ தூக்கப் பரிசோதனைக்கு எழுதித் தருவார். போகும்போது அந்த நோட்டையும், நீங்கள் தூங்கும்போது மனைவி போனில் ஐந்து நிமிடம் பதிவு செய்த குறட்டைச் சத்தத்தையும் எடுத்துப் போங்கள்.